ஆட்டிசம்: தெரபி அறைக்கு வெளியே உட்கார வைக்கப்படும் பெற்றோருக்கு



ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்காகவும், அந்த வீட்டுத் தாத்தா பாட்டி, மாமா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர்களுக்காகவும் இந்த நீண்ட பதிவு. கொஞ்சம் பொறுமையா படிங்க. தேவைப்படுறவங்களுக்கு அனுப்புங்க.

நான் எம்.பி.பி.எஸ். படித்த அரசு மருத்துவமனை மருத்துவர். குழந்தை மனநல நிபுணர் அல்ல. ஆனா "மூணு வயசாகுது, இன்னும் பேச்சு வரலை டாக்டர்" என்று பல பேர் முதலில் தூக்கிட்டு வர்றது எங்க ஓ.பி.க்குத்தான். நிபுணரிடம் அனுப்பி, ஒரு வருஷம் தெரபிக்கு அலைந்த பிறகு, சளி காய்ச்சலுக்குத் திரும்பி வர்றதும் எங்ககிட்டதான்.

அப்போ நான் கேட்கிற ஒரு கேள்வி: "தெரபியில என்ன சொல்லிக் குடுக்குறாங்கம்மா?"

அடிக்கடி வர்ற பதில்: "தெரியலை சார். கதவைச் சாத்திடுவாங்க. நாங்க வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருப்போம்."

இந்தப் பதில்தான் எனக்குக் கவலை. ஆட்டிசம் உள்ள சின்னக் குழந்தைக்குத் தெரபி கொடுக்கும்போது பெற்றோரை வெளியே உட்கார வைப்பது சரியில்லை. பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்காத தெரபியின் பலன் பெரும்பாலும் வீட்டு வாசலோடு நின்றுவிடும். இதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு எளிய கணக்கு.

வாரத்துக்கு இரண்டு நாள், தலா முக்கால் மணி நேரம் தெரபி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒன்றரை மணி நேரம். குழந்தை தினமும் 12 மணி நேரம் விழித்திருந்தால் வாரத்துக்கு 84 மணி நேரம். ஒன்றரை போக மீதி எண்பத்திரண்டரை மணி நேரமும் குழந்தை உங்களோடதான் இருக்கு. சாப்பிடுது, குளிக்குது, அழுகுது, கடைக்கு வருது, கோயிலுக்கு வருது. கற்றுக்கொள்வதற்கான நேரம் முழுக்க அங்கேதான் இருக்கு.

இரண்டாவது காரணம். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு ஓர் இடத்தில் கற்றதை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவது கஷ்டம். சென்டரில் மேஜை முன்னால் உட்கார்ந்து படத்தைப் பார்த்து "தண்ணி" என்று சொல்லும் பையன், வீட்டில் தாகம் எடுத்தால் டம்ளரைத் தூக்கி வீசுவான். "அங்க சொல்றான், இங்க வேணும்னே சொல்ல மாட்டேங்குறான், திமிரு" என்று பாட்டி சொல்வார். திமிர் இல்லை. அந்த மேஜை, அந்தப் படம், அந்த அக்கா, அந்தச் சொல் எல்லாம் சேர்ந்த ஒரே மூட்டையாக அவன் மனதில் பதிந்திருக்கு. சமையலறையில் அந்த மூட்டையைப் பிரிக்க யாரும் அவனுக்குக் கற்றுத் தரவில்லை.

இது புதுசா கண்டுபிடித்த விஷயமும் இல்லை. நடத்தைச் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஐவர் லோவாஸ். அவரும் அவர் குழுவினரும் 1973-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிகிச்சை முடிந்த குழந்தைகள் பிறகு என்ன ஆனார்கள் என்று பார்த்தார்கள். காப்பகங்களுக்குத் திரும்பிய குழந்தைகள் கற்றதை இழந்திருந்தார்கள். பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்கப்பட்ட குழந்தைகள் கற்றதைத் தக்கவைத்துக்கொண்டதோடு மேலும் முன்னேறியிருந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே கிடைத்த பாடம். நாம இன்னும் கதவைச் சாத்திட்டு இருக்கோம்.

லோவாஸை முழுசா தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்காதீங்க. அவருடைய அந்தக் கால முறையில் அதட்டலும் அடியும்கூட இருந்தன. 1987-ல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் குழந்தைக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி. அது நம்ம வீட்டுக்கு ஒத்துவராது, ஒத்துவர வேண்டிய அவசியமும் இல்லை. அடியை ஒதுக்கிவிட்டு அடிப்படையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அடிப்படை மிக எளிது. எந்த நடத்தைக்கும் முன்னால் ஒன்று நடக்கும், பின்னால் ஒன்று கிடைக்கும். பின்னால் கிடைப்பது பிடித்திருந்தால் அந்த நடத்தை திரும்ப வரும்.

பாப்பா அலறுது, மொபைலைக் கொடுக்குறோம், அமைதியாகுது. நமக்கு நிம்மதி. ஆனா பாப்பா என்ன கற்றுக்கொண்டது? "அலறினால் மொபைல் வரும்." நாம்தான் கற்றுக்கொடுத்தோம், தெரியாமலே. நாளைக்கு அலறல் வருவதற்கு முன்னால் கையை நீட்டிக் காட்டச் சொல்லிக் கொடுத்து, காட்டியதும் கேட்டது கிடைத்தால், "கை நீட்டினால் கிடைக்கும்" என்று கற்றுக்கொள்ளும். நடத்தைச் சிகிச்சையின் அடிப்படை இதுதான். இதுக்கு ஏ.சி. ரூம் தேவையில்லை.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? உங்க குழந்தைக்கு என்ன இலக்கு என்பதைத் தெரபிஸ்ட்தான் உங்களோடு சேர்ந்து முடிவு செய்யணும். ஆனா எல்லா வீட்டுக்கும் பொருந்தும் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

1. முதலில் உடம்பைப் பாருங்க. நல்லா இருந்த குழந்தை திடீர்னு தலையை இடிச்சுக்குது, கடிக்குது, தூங்க மாட்டேங்குதுன்னா அதை "ஆட்டிசம் அதிகமாயிடுச்சு" என்று முடிவு கட்டாதீங்க. சொத்தைப் பல், காது வலி, மலச்சிக்கல், வயிற்று எரிச்சல் எதுவாகவும் இருக்கலாம். வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத குழந்தை வேற எப்படிச் சொல்லும்? டாக்டரிடம் காட்டுங்க. பேச்சு தாமதம் என்றாலே காது கேட்கும் பரிசோதனையும் கட்டாயம்.

2. ஒரு நோட்டுப் போடுங்க. மூன்று கட்டம். முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பின்னால் என்ன கிடைத்தது. ஒரு வாரம் எழுதினால் போதும். "சும்மாவே கத்துறான்" என்று நீங்க நினைத்தது மிக்சி போடும் நேரம் என்றோ, குக்கர் விசில் என்றோ, ஸ்கூல் வேன் வரும் நேரம் என்றோ தெரிய வரும். காரணம் தெரிந்தால் பாதிப் பிரச்சினையை வராமலே தடுக்கலாம். மிக்சி போடும் முன் சொல்லிக் காட்டி, அவனை வேறு அறைக்கு அனுப்பினாலே போதும்.

3. பேச்சு வரும் வரை காத்திருக்காமல், கேட்கும் வழியைக் கொடுங்க. விரல் நீட்டுவது, கை சைகை, படத்தை எடுத்துக் கொடுப்பது எதுவானாலும் சரி. "படம் பழகினா பேச்சு வராதே" என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை. தட்டில் நாலு இட்லியையும் ஒண்ணா வைக்காம, சின்னத் துண்டு ஒன்று கொடுங்க. அடுத்த துண்டுக்கு முன் ஐந்து விநாடி காத்திருங்க. உங்க முகத்தைப் பார்த்தாலோ, கை நீட்டினாலோ, "இ" என்றாலோ உடனே கொடுங்க. பசியில் அழும்போது இதைச் செய்யாதீங்க. அது பாடம் ஆகாது, கொடுமை.

4. அவன் விளையாட்டுக்குள் நீங்க போங்க. கார் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறான் என்றால் பிடுங்காதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு சக்கரத்தைச் சுற்றுங்க. "சுத்துது... சுத்துது... நின்னுடுச்சு." கேள்வி மேல கேள்வி கேட்காதீங்க. "இது என்ன கலர், இது என்ன பேரு" என்று நாள் முழுக்கப் பரீட்சை வைத்தால் யாராக இருந்தாலும் ஓடிவிடுவார்கள்.

5. வேலையைத் துண்டு துண்டா உடைங்க. டவுசர் போடுவது நமக்கு ஒரு வேலை. அவனுக்கு ஏழெட்டு வேலை. எல்லாவற்றையும் நீங்க செய்துவிட்டு, கடைசியில் இடுப்புக்கு இழுத்துவிடுவதை மட்டும் அவனிடம் விடுங்க. அது பழகியதும் அதற்கு முந்தின படி. கடைசிப் படியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு தடவையும் "நான் முடிச்சேன்" என்ற சந்தோஷம் அவனுக்குக் கிடைக்கும்.

6. "முதல்ல இது, அப்புறம் அது." வாயால் சொல்வதோடு படத்திலும் காட்டுங்க. காலண்டர் அட்டையில் இரண்டு படம் போதும்: முதல்ல குளியல், அப்புறம் ஊஞ்சல். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான் இந்தக் குழந்தைகளில் பலருக்குப் பெரிய பயம்.

7. நல்லதைச் செய்த அந்த நொடியே பாராட்டுங்க. சாயங்காலம் அப்பா வந்ததும் பாராட்டினால் எதற்கு என்று புரியாது. ஒரு எச்சரிக்கை: அழுகையை நிறுத்த மிட்டாய் கொடுப்பது பரிசு இல்லை, அது அழுகைக்குக் கூலி. அலறலுக்கு மொபைல் கொடுப்பதை நிறுத்தினால் முதல் சில நாள் அலறல் கூடும். அது எதிர்பார்த்ததுதான். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நின்றால் குறையும். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தையிடம் இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். நிபுணர் துணையோடு மட்டும்.

8. அடிக்காதீங்க. சூடு வைப்பது, இருட்டறையில் பூட்டுவது எதுவும் வேண்டாம். அடி பயத்தைத்தான் கற்றுக்கொடுக்கும். என்ன செய்யணும் என்பதை அடியால் ஒருநாளும் சொல்லித் தர முடியாது.

இன்னொன்று, முக்கியமானது. எல்லாவற்றையும் மாற்ற முயற்சிக்காதீங்க. கையை ஆட்டுகிறான், குதிக்கிறான், முனகுகிறான். யாருக்கும் தொந்தரவு இல்லை, அவனுக்குக் காயம் இல்லை என்றால் விட்டுவிடுங்க. "கண்ணைப் பார், கண்ணைப் பார்" என்று தாடையைப் பிடித்துத் திருப்பாதீங்க. இப்படிப் பயிற்சி பெற்று வளர்ந்த ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், அது தங்களுக்கு எவ்வளவு வேதனையாக இருந்தது என்று இன்று பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்கணும். நம்ம இலக்கு குழந்தை மற்ற பிள்ளைகள் மாதிரி தெரியணும் என்பது இல்லை. தேவையைச் சொல்லத் தெரியணும், ஆபத்தில்லாம இருக்கணும், தன் வேலையைத் தானே செய்யணும், சந்தோஷமா இருக்கணும். அவ்வளவுதான்.

இப்போ உங்களுக்கு ஒரு கேள்வி வரும். "இதெல்லாம் படிச்சவங்க செய்வாங்க டாக்டர். கூலி வேலைக்குப் போற அம்மாவால முடியுமா?"

முடியும் என்று காட்டிய ஆய்வு நம்ம பக்கத்திலேயே இருக்கு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2016-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அவர்களோடு சேர்ந்து பார்த்து, "இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்த்தான், கவனிச்சீங்களா?" என்று பேசினார்கள். பெற்றோர் குழந்தைக்கு ஏற்றபடி பதில் கொடுப்பது கூடியது. குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. எல்லா அளவுகோலிலும் முன்னேற்றம் வந்தது என்று சொல்ல மாட்டேன், வரவில்லை. ஆனா நிபுணர் இல்லாத ஊரிலும் இதைச் செய்ய முடியும் என்பது நிரூபணமானது.

உலக சுகாதார நிறுவனமும் இதே நோக்கத்தில் பராமரிப்பாளர்களுக்கு ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. 9 குழு வகுப்புகள், 3 வீட்டு வருகைகள். 2 முதல் 9 வயது வரை வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் குடும்பங்களுக்கானது.

இனி நான் சொல்லப்போவதை அப்பாக்கள் கவனமா படிக்கணும்.

"வீட்டிலேயே தெரபி" என்று டாக்டர் சொன்னதும் பல குடும்பங்களில் அதன் அர்த்தம் "அம்மா பார்த்துக்குவா" என்று ஆகிவிடுகிறது. வேலையை விடுவது அவர். தூங்காமல் இருப்பது அவர். குழந்தை முன்னேறவில்லை என்றால் "நீ சரியா சொல்லிக் குடுக்கல" என்று திட்டு வாங்குவதும் அவரே. ஒரு காலத்தில் மேலைநாட்டு மருத்துவ உலகமே இந்தப் பாவத்தைச் செய்தது. பாசம் காட்டாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று சொன்னார்கள். 1960-களில் அந்தக் கருத்தை எதிர்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் பெர்னார்ட் ரிம்லண்ட். உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. இன்று ஆட்டிசம் மூளை வளர்ச்சி சார்ந்தது, மரபணுவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பது தெளிவு. வளர்ப்பு காரணமே இல்லை. அம்மாமேல் போட்ட அந்தப் பழியை "வீட்டுத் தெரபி" என்ற புதுப் பெயரில் நாம் திரும்பக் கொண்டுவரக் கூடாது.

அதனால் அளவு முக்கியம். காலையில் 15 நிமிஷம், சாயங்காலம் 15 நிமிஷம் தனியா ஒதுக்கினால் போதும். மற்றதெல்லாம் குளிக்கும்போது, சாப்பிடும்போது, துணி மாட்டும்போது நடக்கட்டும். சாயங்காலக் கால் மணி நேரம் அப்பாவுடையது. பாட்டிக்கு மூன்றாவது புள்ளியைச் சொல்லிக் கொடுங்க, அருமையா செய்வாங்க. வாரத்தில் ஒரு நாள் சில மணி நேரம் அம்மாவுக்கு விடுமுறை கொடுங்க. எந்நேரமும் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாத நிலை இருந்தால் அம்மாவையும் டாக்டரிடம் அழைத்து வாங்க.

அடுத்து, பணம். நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று "ஸ்டெம் செல்" ஊசி போட்டு வருகிறார்கள். 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கது அல்ல, அதைப் பரிந்துரைப்பதும் விளம்பரப்படுத்துவதும் மருத்துவத் தொழில் ஒழுக்கக்கேடு. ஆட்டிசத்தையே குணமாக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. கடுமையான எரிச்சல், வலிப்பு, தூக்கம் போன்றவற்றுக்கு மருந்து உண்டு. அதை நிபுணர் தருவார். "ஆறு மாசத்துல நார்மல் ஆக்கிடுறோம்" என்று யார் சொன்னாலும் பர்ஸை மூடிக்கிட்டு வெளியே வாங்க.

இலவசமாகக் கிடைப்பதை முதலில் பயன்படுத்துங்க. 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், மாவட்ட அளவில் அரசு மருத்துவமனை வளாகங்களில் மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் உள்ளன. டி.இ.ஐ.சி. என்று கேட்டால் சொல்வார்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் தனியாகப் பட்டியலிடப்பட்டிருக்கு. அதனால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவும் அதில் வரும். சர்டிபிகேட் கிடைக்கட்டும், அப்புறம் தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். மேலே சொன்ன எட்டையும் இன்றைக்கே தொடங்கலாம். எந்தக் குழந்தைக்கும் அவற்றால் கெடுதல் இல்லை.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள், உள்ளே வேலை பார்ப்பவனாகவே சொல்கிறேன். எத்தனை குழந்தைக்கு எத்தனை தெரபி கொடுத்தோம் என்று கணக்கெடுக்கிறோம். எத்தனை பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தோம் என்பதையும் கணக்கில் சேர்க்கணும். தினக்கூலி அப்பா வேலை நாளில் வர முடியாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வகுப்பு வைக்கலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பி.பி., சுகர் மாத்திரையையும் பிசியோதெரபியையும் வீட்டுக்கே கொண்டுபோனது. அதே வழியில் பயிற்சி பெற்ற ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இந்தக் குழந்தைகளின் வீட்டுக்கும் போகலாம். பஸ் ஏறி இரண்டு மணி நேரம் வந்து, முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பும் அம்மாவுக்கு நாம் அதைவிட நல்லது செய்ய முடியும்.

தெரபிஸ்டுகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மா உள்ளே இருந்தால் குழந்தை மடியைவிட்டு இறங்காது என்பது அவர்கள் சொல்லும் நியாயம். முதல் சில நாளுக்கு அது உண்மைதான். அதற்கு வழி கடைசிப் பத்து நிமிஷம் அழைப்பது, அல்லது வீடியோவில் காட்டுவது. வருஷக்கணக்கில் கதவைச் சாத்துவது வழியே இல்லை.

எனவே பெற்றோர்களே, அடுத்த முறை தெரபிக்குப் போகும்போது தயங்காம மூன்று கேள்வி கேளுங்க.

"இந்த மாசம் என் பிள்ளைக்கு என்ன ஒரு இலக்கு?"

"அதை வீட்டில் நான் எப்படிச் செய்யணும்? ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

"இப்ப நான் செய்றேன், சரியான்னு பாருங்க."

மூன்றாவது கேள்விதான் முக்கியம். பார்த்துக் கற்பதைவிடச் செய்து கற்பது நிற்கும். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் தெரபிஸ்டை விடாம பிடிச்சுக்கங்க. சென்டர் சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்று சொன்னால் வேறு இடம் பாருங்க.

சந்தேகம் இருந்தால் கமெண்ட்டில் கேளுங்க. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குழந்தையின் பெயர், போட்டோ, ரிப்போர்ட் எதையும் பொதுவில் போடாதீங்க.